கார் காலையில் கிளம்ப மறுக்கிறது: பேட்டரியை மாற்ற வேண்டுமா?

இரவு நன்றாக ஓடிய கார் காலையில் 'டக் டக்' என்று சத்தமிட்டு நின்றுவிடுகிறது, பேட்டரியை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் பேட்டரியின் முனைகளைப் பாருங்கள். அவை வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தாலும், அசைத்தால் ஆடினாலும், சுத்தம் செய்து இறுக்குவதே போதுமானதாக இருக்கலாம்.

அடுத்து, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் சுமார் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். ஆனால் இந்த ஒரே அளவை நம்பிவிடாதீர்கள். தேய்ந்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது நல்ல எண்ணைக் காட்டி ஏமாற்றும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்பதே உண்மையான சோதனை. முழுதாகச் சார்ஜ் ஏறிய பிறகும் 9.6க்குக் கீழே சரிந்தால், அநேகமாக அதன் காலம் முடிந்தது. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். அது வராமல் 12 அளவிலேயே நின்றால் எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகியுங்கள்; புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் படுத்துவிடும்.

மாற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். காரின் உலோக உடல் நெகட்டிவுடன் இணைந்திருப்பதால், பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் எங்காவது உரசினால் தீப்பொறி பறக்கும். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள, அதாவது சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்து மீண்டும் கிளம்பும் காருக்கு, அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் ஏஜிஎம் (AGM) அல்லது இஎஃப்பி (EFB) வகைப் பேட்டரிதான் பொருந்தும். மலிவு என்று சாதாரணப் பேட்டரியைப் போட்டால் சீக்கிரமே கெட்டுவிடும். பழையதைக் குப்பையில் எறியாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கின்றன. புதியதை வாங்கும் கடையிலேயே கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.