யூரோ நாடுகளில் உழைக்கும் வடக்கு, செலவழிக்கும் தெற்கைச் சுமக்கிறதா?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஜெர்மனியும் நெதர்லாந்தும் உழைத்துச் சேர்க்கின்றன, கிரீஸும் இத்தாலியும் கடன் வாங்கிச் செலவழிக்கின்றன, நாணயம் ஒன்றாகிவிட்டதால் பிரிந்து போகவும் வழியில்லை, இது சரியா?

பிரிந்து போவது கடினம் என்பது சரி. மற்றதை அப்படியே ஏற்க மாட்டேன். ஜெர்மனியில் வேலை பார்த்த காலத்தில் அலுவலக உணவுக்கூடத்தில் இந்தப் பேச்சை நிறையக் கேட்டவன் நான். பிற விஷயங்களில் நிதானமாகப் பேசுகிறவர்கள்கூட கிரீஸ் என்றதும் "சோம்பேறிகள்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் கணக்குப்படி, 2010ஐ ஒட்டிக் கடன் நெருக்கடி நடந்த ஆண்டுகளில் வேலையில் இருந்த ஒரு கிரேக்கர் ஆண்டுக்குச் சுமார் 2000 மணி நேரம் உழைத்தார்; ஜெர்மானியர் 1400 மணி நேரத்தை ஒட்டி. ஜெர்மனியில் பகுதிநேர வேலை அதிகம், கிரீஸில் சொந்தக் கடை நடத்துவோர் அதிகம் என்பதால் இரண்டு எண்களையும் அருகருகே வைப்பது முழு நியாயம் ஆகாது. ஒரு மணி நேரத்தில் ஜெர்மன் தொழிலாளி உண்டாக்கும் மதிப்பும் மிக அதிகம். ஆனால் அதற்குக் காரணம் இயந்திரமும் முதலீடும் நிர்வாகமும். சோம்பேறித்தனத்தை இதில் எங்கே பொருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

சண்டையின் வேரைத் தேடினால் மாற்று விகிதத்தில் போய் நிற்போம். 1970இல் ஒரு ஜெர்மன் மார்க் வாங்க சுமார் 170 இத்தாலிய லிரா போதும். 1999இல் யூரோவுக்காக விகிதங்களை நிரந்தரமாகப் பூட்டியபோது ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்றும், 1936.27 லிரா என்றும் வைத்தார்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு மார்க்குக்கு 990 லிரா வரும். இடைப்பட்ட காலத்தில் இத்தாலியில் விலைவாசியும் கூலியும் ஜெர்மனியைவிட வேகமாக ஏறின. லிரா இறங்கி இறங்கி அந்த இடைவெளியை அடைத்தது. டூரின் நகரத்தில் செய்த கார் மியூனிக்கில் விலைபோனது. லிரா இறங்கும்போதெல்லாம் வெளிநாட்டுப் பொருள்களின் விலை ஏறி, இத்தாலியரின் கூலியில் ஒரு பகுதியைத் தின்றது. அதற்காக அவர்கள் தங்கள் அரசாங்கத்தைத் திட்டினார்கள். ஜெர்மனியைத் திட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. ஜெர்மானியருக்கும் இத்தாலியின் ஓய்வூதியச் சட்டம் என்னவென்று தெரிந்துகொள்ளும் அவசியம் இருக்கவில்லை.

யூரோ வந்ததும் அந்த வழி அடைபட்டது. போட்டியில் பின்தங்கிய நாடு இனி சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் நேரடியாக வெட்டியாக வேண்டும். முன்பும் வெட்டு இருந்தது, ஆனால் அதைச் செய்தது அந்நியச் செலாவணிச் சந்தை. இப்போது ஓர் அமைச்சர் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தை இன்னொரு நாட்டு அமைச்சர் சரிபார்க்க வேண்டும். கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது. யூரோ நாடுகளுக்குள் ஓடும் கசப்பில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது என்பது என் கருத்து. பணக்கார நாடு, ஏழை நாடு என்ற பேதம் அதற்கு அடுத்தபடிதான்.

கடன் எப்படி ஏறியது என்பதையும் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் கிரேக்க அரசு 20 சதவீதத்துக்கும் மேல் வட்டி கொடுத்துக் கடன் வாங்கியது. 2001இல் யூரோவில் சேர்ந்த பிறகு சில ஆண்டுகளுக்கு, ஜெர்மனி கொடுத்த வட்டிக்கும் கிரீஸ் கொடுத்த வட்டிக்கும் அரை சதவீத வித்தியாசம்கூட இல்லை. இரண்டு நாடுகளும் ஒரே அளவு நம்பகமானவை என்று சந்தை நினைத்தது, அல்லது நினைப்பதாக நடித்தது. கடன் கொடுத்தவர்களில் ஜெர்மன், பிரெஞ்சு வங்கிகள் முக்கியமானவை. அதே காலத்தில் ஜெர்மனி சோர்ந்து கிடந்தது. 2005இல் அங்கே வேலையின்மை 11 சதவீதத்தைத் தாண்டியது. அப்போதைய ஜெர்மன் சான்சலர் ஷ்ரோடரின் அரசு வேலையற்றோர் உதவியைக் குறைத்தது, தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வை அடக்கி வாசித்தன, ஏற்றுமதி பெருகியது. அந்த ஏற்றுமதியில் சேர்ந்த உபரிப் பணம் சும்மா இருக்கவில்லை, தெற்கே கடனாகப் போனது. சோர்ந்த ஜெர்மனிக்குப் பொருந்திய குறைந்த வட்டி, ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த ஸ்பெயினிலும் அயர்லாந்திலும் வீட்டு விலையை வானத்துக்கு ஏற்றியது.

இந்த இரண்டு நாடுகளையும் மறந்துவிட்டு கிரீஸை மட்டும் வைத்துப் பேசுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. 2007இல் ஸ்பெயினின் அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 36 சதவீதம்தான். அயர்லாந்தின் கடன் 25 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஜெர்மனியின் கடனோ 60 சதவீதத்துக்கும் மேல். ஸ்பெயினும் அயர்லாந்தும் அந்த ஆண்டில் பட்ஜெட்டில் உபரி காட்டிய நாடுகள். அதாவது விதிப்புத்தகத்தின்படி நல்ல பிள்ளைகள். தனியார் வங்கிகள் கவிழ்ந்தபோது அவற்றின் கடனை அரசு தோளில் ஏற்றிக்கொண்டது. 2010 நவம்பரில் அயர்லாந்து 8500 கோடி யூரோ மீட்புத் திட்டத்தில் போய் நின்றது. மாறாக, பட்ஜெட் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியை வற்புறுத்திக் கொண்டுவந்த ஜெர்மனியே பிரான்ஸோடு சேர்ந்து அதை மீறியது. 2003 நவம்பரில் நிதியமைச்சர்கள் கூடி, இரண்டு நாடுகள் மீதான நடவடிக்கையையும் நிறுத்தி வைத்தார்கள். பெரியவர்கள் மீறினால் தண்டனை இல்லை என்பதைச் சின்ன நாடுகள் அன்றே குறித்துக்கொண்டன.

கிரீஸ் செய்தது வேறு ரகம், அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். 2009 அக்டோபரில் பதவிக்கு வந்த பாப்பண்ட்ரூ அரசு, முந்தைய கணக்கு பொய் என்று அறிவித்தது. 4 சதவீதத்துக்கும் குறைவு என்று சொல்லப்பட்டிருந்த பற்றாக்குறை 12 சதவீதத்துக்கும் மேல் என்றார்கள். இறுதியில் அது 15 சதவீதத்தைத் தாண்டியது. (சரியான கணக்கை வெளியிட்ட புள்ளியியல் துறைத் தலைவர் ஆந்த்ரேயாஸ் ஜியோர்ஜியு மீது வழக்குப் போட்டு, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலையவிட்டது அந்த நாடு. பொய்க் கணக்கு எழுதியவர்களுக்கு அந்த அளவு தொல்லை வந்ததாக நான் படித்ததில்லை.) 2010 மே மாதத்தில் 11,000 கோடி யூரோ கடன் அறிவிக்கப்பட்டது. அந்தக் கடனிலும் அதைத் தொடர்ந்து வந்தவற்றிலும் பெரும்பகுதி, பழைய கடனையும் வட்டியையும் அடைக்கவும் வங்கிகளைத் தூக்கி நிறுத்தவும் போனது. ஜெர்மன், பிரெஞ்சு வங்கிகள் கையில் இருந்த அபாயம் யூரோ நாடுகளின் வரி செலுத்துவோர் கைக்கு மாறியது. "கிரேக்கருக்கு நம் பணத்தைக் கொடுத்தோம்" என்று ஜெர்மானியர் சொன்னார்கள். "எங்கள் கைக்கு எதுவும் வரவில்லை" என்று கிரேக்கர் சொன்னார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இந்தக் கட்டத்தில் கதைக்குள் ஸ்லோவாக்கியா வருகிறது. தமிழில் இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 2009இல்தான் அந்த நாடு யூரோவில் சேர்ந்தது. அங்கே 2011இல் சராசரி மாதச் சம்பளம் 800 யூரோவை எட்டவில்லை. கிரீஸில் அதைவிட எவ்வளவோ அதிகம். கிரீஸுக்குக் கடன் கொடுக்க ஸ்லோவாக்கியாவும் பங்கு போட வேண்டும் என்றார்கள். 2010இல் முதல் கடனுக்கு அது பணம் தர மறுத்துவிட்டது. 2011 அக்டோபரில் யூரோ நாடுகளின் பொது மீட்பு நிதியை விரிவாக்கும் தீர்மானம் வந்தபோது, ஆளும் கூட்டணியில் இருந்த ரிச்சர்ட் சூலிக்கின் கட்சி ஆதரவளிக்கவில்லை. பிரதமர் இவெத்தா ராதிச்சோவா அதை நம்பிக்கை வாக்கெடுப்போடு இணைத்திருந்தார், அரசு கவிழ்ந்தது. இரண்டே நாளில் எதிர்க்கட்சி, முன்கூட்டியே தேர்தல் நடத்துவதாக வாக்குறுதி வாங்கிக்கொண்டு, அதே தீர்மானத்தை நிறைவேற்றிக் கொடுத்தது. என்னோடு வேலை பார்த்த ஸ்லோவாக் நண்பர் ஒருவர், "என் பாட்டியின் ஓய்வூதியத்தைவிட அங்கே அதிகம் வாங்குகிறார்கள், அவர்களுக்கு நாங்கள் கொடுக்க வேண்டுமாம்" என்று பொருமுவார். அவருடைய கோபம் ஜெர்மன் நண்பர்களின் கோபத்தைவிடக் கடுமையாக இருந்தது. நியாயமும் கூடுதலாக இருந்தது.

மற்ற சிறிய, ஏழை நாடுகளின் இந்தக் கோபம் 2015இல் அப்பட்டமாகத் தெரிந்தது. கிரீஸில் பிரதமர் சிப்ராஸின் அரசு சிக்கன நிபந்தனைகளை எதிர்த்துப் பதவிக்கு வந்திருந்தது. ஜூன் 29 அன்று வங்கிகளை மூடினார்கள். ஏடிஎம்மில் நாளொன்றுக்கு 60 யூரோதான் எடுக்கலாம். ஜூலை 5 பொதுவாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை நிராகரித்தார்கள். ஒரு வாரம் கழித்து, விடிய விடிய 17 மணி நேரம் நடந்த கூட்டத்தில் சிப்ராஸ் ஏறத்தாழ அதே வகை நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டார். கிரீஸை ஐந்து ஆண்டுகள் தற்காலிகமாக யூரோவிலிருந்து வெளியே அனுப்பலாம் என்ற ஜெர்மன் நிதியமைச்சர் ஷொய்ப்ளேயின் யோசனைதான் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. ஆனால் மேசையைச் சுற்றி அவருக்குப் பக்கபலமாக இருந்தவர்களில் பால்டிக் நாடுகளும் ஸ்லோவாக்கியாவும் இருந்தன. தாங்களே சிக்கனத்தில் நொந்துபோயிருந்த ஸ்பெயின், போர்ச்சுகல் அரசுகளும் கிரீஸுக்குச் சலுகை காட்ட விரும்பவில்லை. கிரீஸ் அடம்பிடித்துச் சலுகை வாங்கிவிட்டால், "நீங்கள் ஏன் வாயை மூடிக்கொண்டு வெட்டினீர்கள்?" என்று தங்கள் வாக்காளர்கள் கேட்பார்களே!

இதற்கு கிரேக்கர் கொடுத்த விலையைச் சொல்லாமல் விட முடியாது. பொருளாதாரம் நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. 2013இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. இளைஞர்களில் அது பாதிக்கும் மேல். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டுப் போனார்கள். கிரேக்க வரிப்பணத்தில் படித்த மருத்துவர்கள் பலர் ஜெர்மன் மருத்துவமனைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். யார் யாரைச் சுமக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கும்போது இதை யாரும் சேர்த்து எழுதுவதில்லை.

ரூபாயும் பணக்கார மாநிலங்களும் ஏழை மாநிலங்களும் பகிர்ந்துகொள்ளும் நாணயம்தானே என்று சிலர் கேட்பார்கள். ஆமாம், நமக்கும் சண்டை உண்டு: 15ஆவது நிதிக்குழு மத்திய வரிப் பங்கில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதமும் உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதமும் ஒதுக்கியதைப் பற்றி இங்கே எவ்வளவு பேசுகிறோம்! ஆனால் இந்தியாவில் பணத்தைத் திரட்டிப் பகிர்ந்து கொடுக்க ஒரு மத்திய அரசு இருக்கிறது. பீகார் தொழிலாளி மொழி தெரியாவிட்டாலும் திருப்பூருக்கு ரயில் ஏறிவிடுகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்த பட்ஜெட் உறுப்பு நாடுகளின் வருமானத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். அதை வைத்துக்கொண்டு பெரிய ஏற்றத்தாழ்வை ஈடுகட்ட முடியாது.

பொதுப் பணத்தைப் பகிர்ந்துகொள்ளாத இந்த ஏற்பாட்டில் 2020இல் ஒரு விரிசல் விழுந்தது. பெருந்தொற்றுக்காக 75,000 கோடி யூரோவைக் கூட்டாகக் கடன் வாங்கி, அதில் 39,000 கோடியை மானியமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். இத்தாலியும் ஸ்பெயினும் அதிகம் பெற்றன. அது எளிதில் நடக்கவில்லை. சில நாடுகளிடம் ஏன் சேமிப்பு இல்லை என்று விசாரிக்க வேண்டும் என்று நெதர்லாந்து நிதியமைச்சர் மார்ச் மாதத்தில் பேசியதாகச் செய்தி வந்தபோது, போர்ச்சுகல் பிரதமர் கோஸ்தா அதை அருவருப்பான பேச்சு என்று பகிரங்கமாகவே சொன்னார். இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இன்னொரு டச்சு நிதியமைச்சர், மதுவுக்கும் பெண்களுக்கும் செலவழித்துவிட்டு உதவி கேட்க முடியாது என்று பேட்டி கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது வரிசையே கலைந்து கிடக்கிறது. 2024 நவம்பரில் பிரெஞ்சு அரசு பத்தாண்டுக் கடனுக்குக் கொடுத்த வட்டியும் கிரேக்க அரசு கொடுத்த வட்டியும் ஒன்றாகின. கிரேக்க அரசின் கணக்கு நேராகிவிட்டது. கிரேக்கரின் வாழ்க்கைத் தரம் ஒன்றியத்திலேயே மிகக் கீழே, பல்கேரியாவோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. 2022 ஆகஸ்டில் எஸ்தோனியாவில் பணவீக்கம் 25 சதவீதம், பிரான்ஸில் 7 சதவீதத்துக்கும் கீழ். இரண்டுக்கும் பிராங்க்பர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கியிலிருந்து வந்தது ஒரே வட்டி விகிதம்.

அப்படியானால் ஏன் யாரும் விலகவில்லை? வாங்கிய கடன் யூரோவில் இருக்கிறது; சொந்த நாணயத்துக்குத் திரும்பி அது பாதி மதிப்பானால் கடன் இரட்டிப்பாகும். அறிவிப்பு வரும் முன்பே மக்கள் வங்கியிலிருந்து பணத்தை எடுத்துவிடுவார்கள். "வேண்டாம்" என்று வாக்களித்த கிரேக்கரிலும் பெரும்பாலோர் யூரோவை விட விரும்பவில்லை. 2026 ஜனவரி 1 அன்று, ஒன்றியத்தின் மிக ஏழை நாடுகளில் ஒன்றான பல்கேரியாவும் உள்ளே வந்திருக்கிறது. அதன் லெவ் நாணயம் 1997இலேயே ஜெர்மன் மார்க்கோடு கட்டப்பட்டுவிட்டது. அதனால்தான் யூரோவுக்கு எதிரான அதன் விகிதமும் மார்க்கைப் போலவே 1.95583. வட்டி விகிதத்தை முடிவு செய்யும் அதிகாரம் அந்த நாட்டிடம் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இல்லை. இப்போது அந்த முடிவை எடுக்கும் பிராங்க்பர்ட் மேசையில் அதற்கு ஓர் இருக்கை கிடைத்திருக்கிறது.