அட்சய திருதியைக்கு பிகானேரில் பட்டம் விடலாமா?

கேள்வி: என் இளைய மகள் ராஜஸ்தானில் பிகானேரில் இருக்கிறாள். மருமகனுக்கு அங்கே ராணுவத்தில் வேலை. பள்ளி லீவுக்கு மூத்தவளின் மகனையும் கூட்டிக்கொண்டு போகிறோம்; அவனுக்கு எட்டு வயது. அட்சய திருதியைக்கு அங்கே ஊரே மொட்டை மாடியில் ஏறிப் பட்டம் விடுமாம். சித்தி போனில் சொன்னதில் இருந்து பயல் ஈர்க்கிலும் பேப்பருமாகவே உட்கார்ந்திருக்கிறான். அந்த வெயிலில் பிள்ளையை மாடிக்கு அனுப்பலாமா?
- ஒரு வாசகி, குளச்சல்

பதில்: தாராளமாக அனுப்பலாம் அக்கா. நீங்களும் கூடவே ஏறுங்கள். ஆனால் எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பட்டாளத்தில் இருந்தபோது பிகானேரில் மூன்று கோடையைக் கழித்தவன் நான். நம் பக்கம் அட்சய திருதியை என்றால் நகைக்கடையில் கூட்டம். அங்கே அதை ஒட்டித்தான் ஊரின் பிறந்தநாளே வருகிறது. ராவ் பீகா 1488இல் பிகானேரை நிறுவியதைக் கொண்டாட, திருதியைக்கு முந்தின நாளே பட்டம் ஏறிவிடும். ஜெய்ப்பூர்க்காரர்கள் ஜனவரிக் குளிரில், சங்கராந்திக்கு விடுவதை இவர்கள் கொதிக்கிற கோடையில் விடுகிறார்கள். பிகானேரில் இருந்து ஜெய்சல்மேர் போகிற பாதையில் பலோடி என்று ஓர் ஊர். 2016 மே 19 அன்று அங்கே 51 டிகிரி பதிவானது. அந்தப் பக்கத்து வெயில் அப்படி.

முதலில் ஈர்க்கில் விஷயம். நானும் ஒரு வருஷம் லீவு முடிந்து திரும்பும்போது, எங்கள் வீட்டுத் தென்னையில் சீவிய பச்சை ஈர்க்கிலில் நாலு பட்டம் கட்டி எடுத்துப் போனேன். ரயிலில் இரண்டரை நாள். பாதி வழியிலேயே காற்றில் ஈரம் போய்விட்டது. பிகானேரில் பெட்டியைத் திறந்தால் ஈர்க்கில் எல்லாம் காய்ந்து வில்லாக வளைந்து, ஒட்டியிருந்த பேப்பரையும் கிழித்திருந்தது. மிஞ்சின ஒன்றை ஏற்றினேன், இடப்பக்கமே சாய்ந்து சாய்ந்து விழுந்தது. அதனால் பட்டத்தை அங்கேயே வாங்கிக் கொடுங்கள். பேரன் கையால் கட்டியதுதான் வேண்டும் என்றால், நன்றாகக் காய்ந்த மூங்கில் சிம்பில் கட்டட்டும்.

அங்கத்துப் பட்டத்துக்கு வால் கிடையாது. நம் பிள்ளைகள் அதில்தான் திணறுவார்கள். நூலைச் சுண்டி இழுத்தால் குறுக்குக் குச்சி வளைந்து, பட்டம் மூக்கு பார்த்த பக்கம் நேராக ஓடும். நூலைத் தளர்த்தினால் குச்சி நிமிர்ந்து, பட்டம் நின்ற இடத்திலேயே சுழலும். சுழலும்போது மூக்கு எப்போது மேலே வருகிறது என்று பார்த்து இழுக்க வேண்டும். இதை ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால் போதும், பயல் பிடித்துக்கொள்வான்.

இப்போது நேரம். காலையில் குளிர்ச்சியாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் அந்த மாதத்தில் அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கில் இருந்து வரும். பட்டம் வடகிழக்கில் நிற்கும். காலைச் சூரியனும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். பிள்ளை பட்டத்தைப் பார்க்கிறேன் என்று சூரியனையே பார்த்துக்கொண்டிருப்பான். சாயந்தரம் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும். நான் சொல்வது ஐந்தரையில் இருந்து ஆறரை வரை. அங்கே ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் என்பான். பறவைகள் கூடு திரும்பும் நேரம், அதற்குமேல் வேண்டாம். உச்சி வேளையில் லூ என்கிற அனல்காற்று அடிக்கும். அப்போது மாடிக் கதவையே திறக்காதீர்கள்.

நம் கடற்கரையில் வியர்வை சொட்டும், சட்டை நனையும், தாகம் தானாகத் தெரியும். அங்கே வியர்வை வெளியே வந்ததும் காய்ந்துவிடும். உடம்பில் ஈரமே இருக்காது, அதனால் பிள்ளை தண்ணீர் கேட்கவும் மாட்டான். எங்கள் குடியிருப்பில் ஒரு சிறுவன் இப்படித்தான் விளையாடிக்கொண்டே இருந்து, நூல்கண்டைக் கையில் பிடித்தபடி சரிந்தான். நல்லவேளை, நிழலில் கிடத்தி ஈரத்துணி போட்டதும் கண் திறந்தான். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால் கால் மணிக்கு ஒரு தடவை நீங்களே டம்ளரை நீட்டுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் அன்று பட்டம் வேண்டாம். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் உடனே நிழல், ஈரத்துணி, 108.

மாடித் தரை சுடும், செருப்பு இல்லாமல் விடாதீர்கள். மேற்கே வானம் பழுப்பாக மாறினால் நூலைச் சுற்றக்கூட நிற்க வேண்டாம், அறுத்துவிட்டு இறங்குங்கள். அது ஆந்தி, மண்புயல். நைலான் மாஞ்சா யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பசுமைத் தீர்ப்பாயம் 2017இலேயே நாடு முழுக்கத் தடை போட்டுவிட்டது. சாதாப் பருத்தி நூல் போதும், விரலில் ஒரு பிளாஸ்திரி.

அப்புறம், கொஞ்சம் கருப்பட்டி எடுத்துப் போங்கள். அன்றைக்கு அங்கே வீட்டுக்கு வீடு இம்லாணி கரைப்பார்கள், புளியும் இனிப்பும் சேர்ந்த தண்ணீர். அங்கே நமக்கு அக்கானி, அதாவது பதநீர், ஏது? கருப்பட்டி போட்டுக் கரைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஊரிலேயே பட்டம் விட முப்பந்தல் போகலாமா? அங்கேதான் காற்று அதிகம்.
- கல்லூரி மாணவர், தோவாளை

பதில்: வேண்டாம் தம்பி. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உண்மையிலேயே அருமையான காற்றுதான். ஆனால் காற்றாலைகளும் மின்கம்பிகளும் உள்ள இடம் அது. சங்குத்துறை கடற்கரைக்குப் போங்கள், சாயந்தரம் கடல் காற்று சீராக வரும்.