அது போலந்துக் காரே அல்ல

கேள்வி: மகன் போலந்தில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது கிராகோவ் நகரில் ‘கம்யூனிஸ்ட் காலச் சுற்றுலா’ என்று பழைய டிராபண்ட் காரில் ஏற்றி, நோவா ஹுட்டா என்ற பகுதியைக் காட்டினார்கள். எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரிக் கட்டடங்கள். அந்தக் காலத்துச் சாமான்களோடு ஒரு வீடு, வோட்கா, கடித்துக்கொள்ள ஊறுகாய். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நம்மூர்த் தோழர்களை ஒருமுறை அங்கே கூட்டிப்போனால் தெளிந்துவிடுவார்கள். என்ன சொல்கிறீர்கள்?
(வாசகர், திருப்பூர்)

பதில்: தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஆனால் இந்த முறை நீங்களும் காரைவிட்டு இறங்கி நடக்க வேண்டும்.

முதலில் அந்தக் கார். டிராபண்ட் கிழக்கு ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரில் தயாரானது. போலந்திலும் ஓடியதுதான். ஆனால் போலந்துக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய கார், இத்தாலிய உரிமத்தில் அங்கேயே தயாரான குட்டி ஃபியட் 126. அதற்கு ‘மாலுக்’ என்று செல்லப்பெயர். பொடியன் என்று பொருள். கம்யூனிசம் என்றாலே புகை கக்கும் டிராபண்ட்தான் என்று சுற்றுலாக்காரர்கள் முன்பே முடிவுசெய்துகொண்டு வந்திறங்குகிறோம். வழிகாட்டியும் அதையே நமக்கு விற்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பிழைப்பு.

‘ஒரே மாதிரிக் கட்டடங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நோவா ஹுட்டா என்றால் புதிய உருக்காலை. அப்படியோர் ஆலைக்காக 1949-இல் விளைநிலத்தில் தொடங்கிய ஊர் அது. ததேயுஷ் ப்தாஷித்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் தலைமையில் வடிவமைத்தார்கள். மத்திய சதுக்கத்தில் நின்று பார்த்தால் மறுமலர்ச்சிக்கால இத்தாலிய பாணியில் தூண் வரிசையும் வளைவும் தெரியும். அங்கிருந்து விசிறிபோல அகன்ற சாலைகள் விரிகின்றன, குடியிருப்புகளுக்கு நடுவே மரங்களும் முற்றங்களும். பெட்டி பெட்டியான கான்கிரீட் அடுக்குகள் பின்னால் வந்தவை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் எப்படி? அந்தச் சதுக்கத்துக்கு 2004-இல், கம்யூனிச எதிர்ப்புக்குப் பேர்போன முன்னாள் அமெரிக்க அதிபர் ரீகன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள், பலகையைக் கவனித்தீர்களா? நகைச்சுவை வேண்டுமென்றால் அதுவே போதும், வோட்கா தேவையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தேவாலயம் இல்லாத ஊராக, தொழிலாளிகளின் முன்மாதிரி நகரமாக அதை நினைத்துக் கட்டினார்கள். ஆனால் குடிவந்தவர்கள் கிராமத்திலிருந்து சாமியையும் கையோடு கொண்டுவந்தவர்கள். தேவாலயம் கட்ட முதலில் அனுமதி கொடுத்தார்கள், பிறகு பறித்துக்கொண்டார்கள். அதற்காக ஒதுக்கிய இடத்தில் மக்கள் நட்டிருந்த சிலுவையைப் பிடுங்க 1960 ஏப்ரலில் ஆட்கள் வந்தபோது, முதலில் தடுத்தவர்கள் பெண்கள். ஆலை ஆட்களும் வந்து சேர, தெருச் சண்டையாக மூண்டது. கடைசியில் வேறோர் இடத்தில் 1967-இல் வேலை தொடங்கி, பத்து ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டிய ‘ஆண்டவரின் பேழை’ என்ற தேவாலயத்தை 1977 மே மாதம் அர்ச்சித்தவர் கர்தினால் கரோல் வொய்த்திவா. மறு ஆண்டே போப் இரண்டாம் ஜான் பாலாக ரோமுக்குப் போனவர் அவர்தான்.

அப்புறம் 1980-களில், அரசுக்கு அடங்காத ‘சாலிடாரிட்டி’ தொழிற்சங்கத்தின் பெரிய கோட்டைகளில் ஒன்றாக அந்த ஆலை ஆனது. ஆலையின் பெயரோ லெனின் உருக்காலை! ராணுவச் சட்டம் இருந்த 1982 அக்டோபரில், அதே தேவாலயத்துக்கு அருகே, பொக்தான் வ்வோஷிக் என்ற இருபது வயது ஆலைத் தொழிலாளியை உளவுப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். 1988 வசந்தத்தில் வேலைநிறுத்தம் செய்த ஆலைக்குள் நள்ளிரவில் கலவரப் போலீஸ் புகுந்தது. அடுத்த ஆண்டு ஆட்சியே போனது.

இதில் எந்தக் கட்டத்தில் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள்?

அந்த ஆட்சியைச் சாய்த்ததில், அது யார் பெயரைச் சொல்லி ஆண்டதோ அந்த உருக்காலைத் தொழிலாளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சங்கம் வைத்தார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள், ஆலைக்குள் உட்கார்ந்தார்கள். நம்மூர்த் தோழர்கள் தெளிய வேண்டுமென்றால் இதைத்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஊறுகாய் வோட்காவைக் காட்டினால் ‘அட, நல்லாத்தானே இருக்கு’ என்று போய்விடுவார்கள். நீங்களும் பனியன் கம்பெனி ஊர்க்காரர். சங்கம் வைத்துச் சண்டை போட்டவர்கள் ஜெயித்த கதையைக் கேட்டு, அங்கே கைதட்டிவிட்டு வந்து இங்கே முகம் சுளிக்கிறவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் உங்கள் வழிகாட்டி சொன்னாரா என்று தெரிந்துகொள்ள ஆசை. உச்சத்தில் சுமார் 40,000 பேர் வேலை பார்த்த ஆலை அது. இன்று ஆர்சலர் மிட்டல் என்ற பன்னாட்டு உருக்கு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அங்கே எஞ்சியிருந்த, இரும்பு உருக்கும் ஊதுலையை 2019-இல் நிறுத்தினார்கள், மறு ஆண்டு நிரந்தர மூடல் என்று அறிவித்தார்கள். போராடி ஜெயித்தவர்களின் பிள்ளைகள் இப்போது எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று மகனிடம் கேட்டுச் சொல்லுங்கள். காற்று சுத்தமாகியிருக்கும், அதையும் மறுக்கவில்லை. கிராகோவின் பழைய கற்சிலைகளை அரித்ததில் அந்த ஆலைப் புகைக்கும் பங்கு உண்டு.

கூட்டிப்போனால் தோழர்கள் முதலில் லெனின் சிலை எங்கே என்றுதான் கேட்பார்கள். ரோஜா அவென்யூவில் 1973-இல் வைத்தார்கள். 1979-இல் யாரோ குண்டு வைத்ததில் குதிகால் மட்டும் பெயர்ந்தது. 1989 டிசம்பரில் இறக்கிவிட்டார்கள். பிறகு ஸ்வீடனில் ஒரு கேளிக்கைப் பூங்கா அதை வாங்கிக்கொண்டு போனது. கௌபாய் வேடக்காரர்கள் குதிரையில் சுற்றும் பூங்கா. டிக்கெட் அங்கேயும் உண்டு.