வைகை அணை திறந்தும் காரைக்குடிப் பக்கம் கண்மாய் நிரம்பாதது ஏன்?

அணை உங்கள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்க வாய்ப்பு குறைவு. காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய்கள் பெரும்பாலும் வானம் பார்த்தவை. 1959-இல் வந்த வைகை அணையின் திறப்பை எதிர்பார்த்து நிற்பது ராமநாதபுரம் பெரிய கண்மாய் போன்ற கடைமடைகள். அணைத் தண்ணீர் வரவில்லை என்ற புகார் அங்கே நியாயமானது.

உங்கள் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மேல்கண்மாயின் கலுங்கை, அதாவது நிரம்பிய நீர் வழிந்து வெளியேறும் கல்கட்டை. அதன்மேல் ஒரு அடிக்கு மண்மூட்டையோ சிமெண்டுக் கட்டோ ஏற்றியிருந்தால், மறுகால் பாய்ந்து உங்களுக்கு வரவேண்டிய நீர் அங்கேயே நின்றுவிடும். கலுங்குக் கல்லின் பழைய விளிம்பும் புதுப் பூச்சும் நிறத்திலேயே பிரிந்து தெரியும்.

அடுத்தது வரத்துக்கால், அதாவது கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் கால்வாய். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் (நில அளவை வரைபடம்) வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு கால்வாய் முழுக்க நடங்கள். சந்தேகமான இடத்தில் ரசமட்டக் குழாய் (மட்டம் பார்க்கும் நீர்க்குழாய்) பிடித்து, தரை கண்மாயை நோக்கி இறங்குகிறதா என்று பாருங்கள். நடுவில் மேடு தட்டினால் மழைநீர் அதைத் தாண்டாது. சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது, தூரோடு பிடுங்க வேண்டும். அடிக்கட்டை திரும்பத் தழைக்கும்.

ஒன்று: கலுங்கில் நீங்களாகக் கைவைக்காதீர்கள். ஆயக்கட்டு (கண்மாய் பாயும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்திலும், மேலே என்றால் நீர்வளத் துறையிலும் மனு கொடுங்கள்.