முற்றத்தில் நின்று எண்ணுங்கள்: விண்மீன் கேள்வி பதில்

வானியற்பியல் படிப்பிக்கும் எனக்கு வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஏ.எல். மாணவி, மாங்குளம்: சேர், விண்மீனுக்கு யாரும் போனதில்லை. அது எதனால் ஆனது என்று எப்படித் தெரியும்?

பிள்ளை, என் முதல் வகுப்பே இதுதான். விண்மீனின் ஒளியை அரியத்தில் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் முக்கோணக் கண்ணாடி) விரித்தால் நிறங்களுக்கு நடுவே மெல்லிய கருங்கோடுகள் தெரியும். ஒவ்வொரு மூலகத்துக்கும் தனக்கென்று கோடுகள் உண்டு. சூரிய ஒளியில் இரும்பின் கோடுகள் தாராளமாகத் தெரிவதால், சூரியனும் பூமி மாதிரிப் பொருள்களால் ஆனதென்றே நம்பினார்கள். ஆனால் கோட்டின் தடிப்பு வெப்பநிலையையும் பொறுத்தது. இந்திய இயற்பியலாளர் மேக்நாத் சாகா 1920இல் அதற்குச் சமன்பாடு தந்தார். அதை வைத்துக் கணக்குப் போட்ட ஆய்வு மாணவி சிசிலியா பேய்னுக்கு 1925இல் கிடைத்த விடை: விண்மீன்களில் ஐதரசனே மிக அதிகம். அக்காலத்துப் பெரிய வானியலாளர் ஹென்றி நொரிஸ் ரசல் அது நடக்காத காரியம் என்றார். அதனால் அந்த விடை உண்மையாக இராது என்று பேய்ன் தன் ஆய்வேட்டிலேயே எழுதினார். நான்கு ஆண்டு கழித்து ரசலும் அதே விடைக்குத்தான் வந்து சேர்ந்தார். அந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நோகும். பேய்னுடைய கணக்கு முதலிலேயே சரி.

மல்லாவி: திருவாதிரை எப்போது வெடிக்கும்?

ஒரு லட்சம் ஆண்டுக்குள் என்பது பொதுவான கணிப்பு. 2019 கடைசியில் மங்கியதற்குக் காரணம், அது தானே கக்கிய தூசி.

தாய் ஒருவர், புதுக்குடியிருப்பு: மகளுக்குப் பூரம். நல்லதா?

அது என் துறை இல்லை, அம்மா.

கிளிநொச்சி: 2019 டிசம்பர் 26 கிரகணத்தை எக்ஸ்ரே படத்தால் பார்த்தோம். அடுத்த முறையும் பார்க்கலாமா?

வேண்டாம். எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி, சாணித் தண்ணீர் எதுவும் வேண்டாம். விழித்திரை சுடுபட்டால் நோவே தெரியாது, அதுதான் ஆபத்து. வேப்பமர நிழலில் நில்லுங்கள். இலை இடுக்குகள் ஊசித்துளை போல வேலை செய்து, மண்ணில் நூறு சின்னப் பிறைகள் விழும்.

கடற்றொழிலாளர், முல்லைத்தீவு: கார்த்திகை ஆறு வெள்ளி என்கிறார்கள். கடலில் நான் ஏழு எண்ணுகிறேன்.

ஆசிரியை, வவுனியா: ஆறுதான் ஐயா. கார்த்திகைப் பெண்களே ஆறு பேர்.

அதே கடற்றொழிலாளர்: ரீச்சர், ஒருநாள் வள்ளத்தில் வந்து எண்ணிப் பாருங்கோ.

இதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதி இந்தச் சண்டைதான். எனக்கு மெத்தச் சந்தோசம். இருவருமே சரி. கார்த்திகை ஒரு விண்மீன் கூட்டம். சங்கப் பாடல்களில் அது அறுமீன். கிரேக்கர் ஏழு சகோதரிகள் என்றார்கள். சாதாரணக் கண்ணுக்கு ஆறு பளிச்சென்று தெரியும். அதற்கு மேல் வானத்தின் இருட்டையும் கண்ணையும் பொறுத்தது. அற்லஸ் என்ற விண்மீனை ஒட்டியிருக்கும் பிளையோனி கூடிக் குறைந்து ஒளிர்வதால் எண்ணிக்கை இன்னும் குழம்பும். 1610இல் கலிலியோ தொலைநோக்கியால் பார்த்து 36 வரைந்தார். உண்மையில் ஆயிரத்துக்கு மேல். எல்லாம் விண்வெளியில் ஒரே வாயு முகிலில் பிறந்து, ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுதான் ஆன இளசுகள். தூரம் 440 ஒளியாண்டு.

ரீச்சர், தை மாதம் இரவு எட்டு மணிக்கு அது உச்சிக்குக் கிட்ட நிற்கும். முற்றத்து லைட்டை அணைத்து, போனை உள்ளே வைத்துவிட்டு, பாயில் இருபது நிமிடம் படுத்திருங்கள். நேரே பார்க்காமல் கொஞ்சம் பக்கத்தில் பாருங்கள். மங்கலானவை அப்போதுதான் எட்டிப் பார்க்கும். பைனாக்குலர் இருந்தால் இன்னும் வடிவு. ஆனால் பொழுதுபட்ட பிறகு மட்டும். சூரியன் நிற்கும்போது பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

துணுக்காய்: திருவாதிரை எப்போது...

மேலே சொல்லிவிட்டேன், தம்பி.

நெடுங்கேணி: என் பேத்தி ஒன்பது என்கிறாள். பொய்யா?

எழுபது வயதுக் கண்ணும் பத்து வயதுக் கண்ணும் ஒன்றில்லை, ஐயா. கடதாசியில் எந்தெந்த இடத்தில் என்று புள்ளி வைக்கச் சொல்லி, எனக்கு அனுப்புங்கள். படத்தோடு வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.