கணவர் சொன்ன வெளிநாட்டு வங்கி மூழ்கியது, என் கடையை ஊர் ஒதுக்குகிறது

கேள்வி: தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே உள்ள கடலோரக் கிராமம் எங்களுடையது. மளிகையும் வலை, கயிறு சாமான்களும் விற்கும் கடை என் பெயரில் இருக்கிறது. கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். அவர் சொன்னதைக் கேட்டு எங்கள் ஊர்க்காரர்கள் 14 பேர் அங்குள்ள ஒரு வங்கியில் சம்பளத்தைப் போட்டு வைத்தார்கள். எங்கள் பணமும் அதில்தான் இருக்கிறது. இப்போது அந்த வங்கியை மூடிவிட்டார்கள். என் கடையில் யாரும் வாங்கக் கூடாது, மீறினால் 2,000 ரூபாய் தெண்டம் என்று ஊர்க்கூட்டத்தில் கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கடனுக்கு வாங்கியவர்களும் தர மறுக்கிறார்கள். 14 பேர் பணத்துக்கும் நானே பொறுப்பு என்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டுவிட்டால் பிரச்சினை தீரும் என்கிறார் மாமனார். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் மாமனார் ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கையெழுத்து விழுந்துவிட்டால், இன்று உங்களுக்கு இல்லாத கடன் உங்கள் கடனாகிவிடும். கணவர் பட்ட கடனுக்கே, மனைவி என்ற ஒரே காரணத்தால் நீங்கள் பொறுப்பாளி ஆக மாட்டீர்கள். இங்கே அவரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. 14 பேரும் தங்கள் பெயரில் கணக்குத் தொடங்கித் தாங்களே போட்ட பணம் அது. திருப்பித் தர வேண்டியது வங்கி.

மிரட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது என்று பிறகு வழக்குப் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். போடலாம், ஒப்பந்தச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் மிரட்டினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும், வருடக்கணக்கில் இழுக்கும். பயமுறுத்திக் கையெழுத்து வாங்குவதே, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதைக் கேட்பவர்களிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்.

அப்புறம், இன்று இரவே கணவருக்குப் போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். "நல்ல வங்கி, நானும் போட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னாரா, "பணம் போனா நான் தர்றேன்" என்றும் சொன்னாரா? முன்னது வெறும் பரிந்துரை. பின்னது ஜாமீன் வாக்கு. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு வாய்மொழி ஜாமீனையும் ஏற்கிறது. அப்படியே இருந்தாலும் அது அவரைத்தான் கட்டும், உங்களை அல்ல. அடுத்து, ஆள் சேர்த்ததற்கு வங்கியிடம் கமிஷன் வாங்கினாரா? வாங்கியிருந்தால் மறைக்க வேண்டாம், மறைத்துப் பின்னால் தெரியவந்தால் ஊரின் கோபம் இரட்டிப்பாகும். கடைசியாக, யாராவது உங்கள் கடையில் ரொக்கமாகக் கொடுத்து "அங்கே போட்டுவிடுங்க" என்றார்களா? ஆம் என்றால் அந்நியச் செலாவணிச் சட்டமும், 2019-இல் வந்த முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டமும் குறுக்கே வரும். ஊரில் எதுவும் பேசுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

இனி கடை விஷயம். 14 வீட்டு உழைப்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருவர் உங்களிடம் வாங்க மாட்டேன் என்றால் வாங்கச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாது. ஆனால் வாங்க வருகிற இன்னொருவரைத் தெண்டம் போட்டுத் தடுக்க ஊர்க்கூட்டத்துக்கு அதிகாரம் கிடையாது. நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷட்டரில் ஒட்டிய சார்ட் தாளில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் "ஊர்ப் பணத்தை ஏப்பம் விட்ட குடும்பம்" என்று எழுதி, கீழே ஐந்து பேர் கையெழுத்தே போட்டிருக்கிறார்கள். அதைக் கிழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. இரண்டு பேரை அருகில் வைத்துக்கொண்டு வீடியோ எடுத்து வையுங்கள்.

அந்த வாசகம் பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவின்படி அவதூறு. இதற்குக் காவல் நிலையத்தில் நேரடியாக வழக்குப் பதிய மாட்டார்கள். திருவாடானை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனிப் புகார் கொடுக்க வேண்டும். எழுத்து அவதூறுக்கு நஷ்டஈடு கேட்பதானால் ஒரு வருடத்துக்குள் சிவில் வழக்குப் போட வேண்டும். கடைக்கு வருபவர்களை வழிமறித்தால் அதே சன்ஹிதாவின் 126-ஆம் பிரிவு, மிரட்டினால் 351-ஆம் பிரிவு. இவற்றுக்குக் காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதை, கேட்டு வாங்குங்கள். சமூகப் புறக்கணிப்புக்கென்றே மகாராஷ்டிரத்தில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படித் தனிச்சட்டம் இல்லாதது பெரிய குறை, உங்களைப் போன்றவர்கள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள். ஆனாலும் இருக்கிற சட்டங்களை வைத்தே சிவில் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். செலவுக்குப் பயப்படாதீர்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும். 15100 என்ற எண்ணில் கேளுங்கள்.

ஆனால் வழக்கால் உங்கள் கடை திறக்கும், 14 பேரின் பணம் வராது. 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் லேண்ட்ஸ்பாங்கி வங்கி விழுந்தபோது, அதன் ஐஸ்சேவ் கணக்கில் போட்டிருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிட்டன்காரர்கள் தவித்துப் போனார்கள். பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை எடுத்து அந்த வங்கியின் சொத்தை முடக்கியது பிரிட்டன் அரசு. ஐஸ்லாந்துப் பொருளை வாங்காதே என்ற குரல்களும் எழுந்தன. ஐஸ்லாந்தும் மீனை நம்பி வாழும் நாடு. வங்கி நடத்தியவர்கள் செய்ததற்கு வலை இழுப்பவர் என்ன செய்வார்? பிரிட்டன் அரசு மக்களுக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, அந்த வங்கியின் சொத்துகளை விற்றதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கியது. அது 2016 ஜனவரியில்தான் முடிந்தது.

உங்கள் ஊருக்கும் அதுதான் வழி. நம் நாட்டு வங்கிகளுக்கான 5 லட்ச ரூபாய் காப்பீடு இதற்குப் பொருந்தாது. அந்த நாட்டில் வைப்புத்தொகைக் காப்பீடு இருக்கிறதா, வங்கியைக் கலைக்க நியமிக்கப்பட்ட அதிகாரி யார், கோரிக்கை மனு கொடுக்கக் கடைசித் தேதி என்ன என்பதைக் கணவர் அங்கிருந்தே விசாரித்து எழுதி அனுப்பட்டும். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கணக்கு விவரம், பாஸ்போர்ட் நகலுடன் மனுப் போட வேண்டும். இங்கிருந்து அதிகாரப் பத்திரம் (பவர் பத்திரம்) அனுப்புவதானால் நோட்டரி கையெழுத்தோடு, அந்த நாட்டைப் பொறுத்து அப்போஸ்டில் என்ற வெளியுறவு அமைச்சகச் சான்றோ தூதரகச் சான்றோ தேவைப்படும். 14 பேரில் ஊர் திரும்பியவர்கள், வெளிநாட்டில் பணம் வைத்திருந்ததே குற்றமோ என்று பயந்து மனுப் போடாமல் இருந்துவிடக் கூடாது. அங்கே வசித்தபோது சம்பாதித்ததை அங்கேயே வைத்திருக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 6(4) பிரிவே அனுமதிக்கிறது.

கடன் நோட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் படகு போகாதபோது நீங்கள் கொடுத்த அரிசியையும் எண்ணெயையும் வங்கிப் பணத்தில் கழித்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை, கடைக் கடன் வேறு, வங்கிப் பணம் வேறு. ஆனால் இந்த வாரமே வசூலுக்குப் போக வேண்டாம். மூன்று வருடக் கெடு இருக்கிறது, பாக்கிக்கு நேரே தேதியோடு கையெழுத்து வாங்கினால் அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம். முதலில் அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு மாமனாரை அழைத்துக்கொண்டு போங்கள். கணவரைப் போனில் ஸ்பீக்கரில் பேசச் சொல்லுங்கள். கையில் முத்திரைத்தாளுக்குப் பதில் 14 பேரின் கோரிக்கைப் படிவங்களும் உங்கள் குடும்பத்தின் படிவமும் இருக்கட்டும், உங்களுடையதை எல்லார் முன்னாலும் முதலில் நிரப்புங்கள்.