நாற்பது பக்க நோட்டு (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 68 வயது. குத்தாலம் பக்கத்தில் கிராமம். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சாயங்காலம் கடைத்தெரு டீக்கடை பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்காருவோம். அரசியல் பேசினால் சண்டையில் முடிகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரு கேள்வி கொண்டுவர வேண்டும். எதைப் பற்றியும் இருக்கலாம். நான் அவற்றை நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறேன். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது.

மாதிரிக்குச் சில. எல்லா ஆறும் கடலை நெருங்க நெருங்க அகலமாகும் என்கிறார்கள். திருச்சியில் அத்தனை அகலமாக இருக்கும் காவிரி பூம்புகாரில் வாய்க்கால் மாதிரி ஆகிவிடுகிறதே, ஏன்? (கேட்டவர் லாரி ஓட்டுகிறார்.) பெரிய கோயில் நிழல் தரையில் விழாது என்பது நிஜமா? மடையான் கொக்கு உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம், பறந்தால் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. அந்த வெள்ளையை எங்கே வைத்திருக்கிறது? (கேட்டவர் நடவுக்குப் போகிற ஓர் அக்கா. டீ வாங்க வந்தவர் நின்று கேட்டுவிட்டுப் போனார்.) வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரும்போது ஏன் மழை வாசனை அடிக்கிறது?

என் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். போன தடவை வந்தபோது நோட்டைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் போன்ல கேட்டா ரெண்டு செகண்ட்ல சொல்லிடுமேப்பா, எதுக்குக் கையால எழுதிக்கிட்டு இருக்கீங்க?" என்றான். கிண்டல் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னான். ஆனாலும் அதற்கப்புறம் எனக்கு எழுதக் கை வரவில்லை. இந்த நோட்டுகளால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
குத்தாலம் வாசகர்

*

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை வந்த அன்றே படித்துவிட்டேன். பதில் எழுத மூன்று வாரம் ஆனதற்கு உங்கள் லாரி நண்பரின் கேள்விதான் காரணம். எனக்கும் விடை தெரியும் என்றுதான் நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோது, ஆற்றைக் கண்ணால் பார்க்காமல் எழுதக் கூடாது என்று தோன்றியது. ஒரு நாள் காலையில் திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆரம்பித்து, மறுநாள் மாலை பூம்புகாரில் முடித்தேன்.

முக்கொம்பில் அக்கரையில் நடக்கிற ஆள் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. மறுநாள் பூம்புகாருக்குச் சற்று முன்னால், மேலையூர் கதவணைப் பக்கம் கரையில் நின்றேன். எதிர்க்கரையில் ஒரு அம்மா போர்வை அலசிக்கொண்டிருந்தார். "கடலுக்கு இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டேன். குரலை உயர்த்த வேண்டியே இருக்கவில்லை. உங்கள் நண்பர் சொன்னது அப்படியே உண்மை.

நடுவில் நடப்பது என்ன? முக்கொம்பிலேயே கொள்ளிடம் பிரிந்துவிடுகிறது. வெள்ளம் வந்தால் அதன் பெரும்பங்கு அந்த வழியாகத்தான் போகும். மிச்சம் கல்லணைக்கு வருகிறது. அங்கே வெண்ணாறு ஒரு பக்கம், தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்று சொல்கிற கல்லணைக் கால்வாய் ஒரு பக்கம் என்று மறுபடி பிரிவினை. அப்புறம் காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. வெண்ணாறும் சும்மா இருப்பதில்லை. வெட்டாறு, வடவாறு போன பிறகு நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று இன்னும் இரண்டைக் கொடுக்கிறது. உங்கள் ஊரைத் தாண்டி மயிலாடுதுறை துலாக்கட்டத்துக்கு வரும்போது காவிரி பாதிக்கு மேல் பங்கு பிரித்துக் கொடுத்த வீடு மாதிரி இருக்கிறது.

முக்கொம்பில் பார்த்த தண்ணீர் எங்கேயும் தொலைந்துவிடவில்லை. கொள்ளிடம் பழையாறு பக்கம் கடலில் சேர்கிறது, அரசலாறு காரைக்காலில், வெட்டாறு நாகூரில். பெரும்பகுதி கடலுக்கே போவதில்லை, வயலில் நிற்கிறது. ஆறு கடலை நெருங்க அகலமாகும் என்பது, வழியில் மற்ற ஆறுகள் வந்து கலக்கிற இடத்துக்குச் சரி. நம் ஊரில் ஆறு ஊர் ஊராகப் பிரிந்து போகிறது. அதனால்தான் இதை டெல்டா என்கிறோம்.

இதில் ஒரு விஷயத்தை உங்கள் பெஞ்சில் அவசியம் சொல்லுங்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் காவிரி இதைவிட மோசமாக வற்றிப்போகும் நிலையில் இருந்தது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு, ஓட்டமும் வேகம். காவிரியில் மணல் மேடிட்டுக்கொண்டே போக, தண்ணீரெல்லாம் கொள்ளிடத்துக்குச் சரிந்தது. தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கியது அதற்காகத்தான். காவிரிக்குத் தண்ணீர் வேண்டும் என்று அவர் அணையைக் கொள்ளிடத்தின் குறுக்கே போட்டார். முக்கொம்பில் நின்று பார்த்தால் இது எத்தனை நுட்பமான யோசனை என்று புரிகிறது. ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் நிறுத்துவதைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

சரி, இதையெல்லாம் உங்கள் மகனின் போனும் சொல்லிவிடும். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வி போனிலிருந்து வரவில்லையே. ஒரே நாளில் திருச்சிப் பாலத்தையும் பூம்புகார்ச் சாலையையும் லாரியில் கடக்கிற ஒருவருக்குத்தான் அது வந்தது. நானும் இரண்டு இடத்தையும் பலமுறை பார்த்தவன்தான். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. உங்கள் நோட்டில் நான் மதிப்பது இதைத்தான். பதிலை எங்கேயும் வாங்கிக்கொள்ளலாம். கேட்டவர் எங்கே நின்றார், என்ன பார்த்தார் என்பது உங்கள் நோட்டைத் தவிர வேறு எங்கேயும் இல்லை.

பெரிய கோயில் நிழல் கேள்விக்கு நீங்கள் கேட்டவர் யார் என்று எழுதவில்லை. அதைக் கவனித்தேன். அது ஒருவேளை யாரும் பார்த்துக் கேட்ட கேள்வி இல்லை, காதால் கேட்டது. எனக்கும் அப்படித்தான் வந்தது. ஐந்தாம் வகுப்பில் எங்கள் ஆசிரியர் நிழல் விழாது என்று சொல்லிக் கொடுத்தார். அந்த வருஷமே சுற்றுலா கூட்டிப்போனார்கள். காலை ஒன்பது மணி இருக்கும். தரை சுட ஆரம்பித்திருந்தது. கருவறை மேலிருக்கும் விமானத்துக்குப் பின்பக்கம், கருவூரார் சந்நிதி ஓரமாகக் குளிர்ச்சியாக இருந்த இடத்தில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். அந்தக் குளிர்ச்சி விமானத்தின் நிழல். அதில் உட்கார்ந்துகொண்டே "நிழல் தரையில் விழாது" என்று நோட்டில் எழுதினோம், நாற்பது பேரும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஆசிரியர் மேல் கோபம் இல்லை. அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

நிழல் விழுகிறது. காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே. அடி அகலமாக இருந்து மேலே போகப்போக ஒடுங்குகிற கட்டடம் என்பதால், சூரியன் நேர் உச்சிக்கு வரும் நேரத்தில் நிழல் பெரும்பாலும் அதன் மேலேயே விழுந்து அடங்கிவிடும். மத்தியானம் வந்து பார்த்துவிட்டுப் போன யாரோ கிளப்பிவிட்டதாக இருக்கலாம். அந்த விமானத்துக்குப் பொய்ப் பெருமை தேவையே இல்லை. 1010இல் கட்டி முடித்த கோயில். அதன் சுவரில் ராஜராஜன் "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று சொல்லி வெட்ட வைத்திருக்கிறார். ராஜாவின் கொடையும் மற்றவர் கொடையும் ஒரே சுவரில். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், அவர் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று எல்லாம் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் ஆடிய ஒரு பெண்ணின் விலாசம் நமக்குத் தெரியும் ஐயா! அடுத்த முறை போகும்போது நிழலைத் தேடுகிறவர்களை அந்தக் கல்வெட்டுகள் பக்கம் கூட்டிப்போங்கள்.

புதுத்தண்ணீர் வாசனைக்குப் பதில் சுருக்கம்தான். காய்ந்த மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகள் ஜியோஸ்மின் என்றொரு பொருளை உண்டாக்கி வைத்திருக்கின்றன. ஈரம் பட்டதும் அது கிளம்புகிறது. மழைக்கும் மேட்டூர் தண்ணீருக்கும் அதில் வித்தியாசமில்லை. மனித மூக்கு அதை மிக மிகச் சிறிய அளவிலேயே பிடித்துவிடும். 1964இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு விஞ்ஞானிகள் இந்த வாசனைக்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். நமக்கு மண்வாசனை என்ற சொல் எப்போதோ இருக்கிறது. வாய்க்காலில் முதலில் சருகும் நுரையும் உருண்டு வரும், அதற்குப் பின்னால்தான் தண்ணீர். அந்தச் சருகுக்கும் முன்னால் வாசனை வந்துவிடும் என்று உங்கள் ஊரில் யாராவது சொல்லியிருந்தால் அதையும் எழுதி வையுங்கள்.

பிரயோஜனம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடி எத்தனை தூரம்? பஸ்ஸில் போனால் காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடலாம். அங்கே 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவும், அவரோடு இருந்த கிரண்ட்லரும் 1712 முதல் 1714 வரை ஒரு வேலை செய்தார்கள். அக்கம்பக்கத்துத் தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, கடிதமாகப் பதில் வாங்கினார்கள். சாமியைப் பற்றி, சடங்கைப் பற்றி, வைத்தியத்தைப் பற்றி, அன்றாட வாழ்க்கையைப் பற்றி. பதில் எழுதியவர்கள் தங்கள் பங்குக்குத் திருப்பியும் கேட்டார்கள். மொத்தம் 99 கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலே நகரத்தில் அச்சாயின. கேட்டவர்கள் மதம் பரப்ப வந்தவர்கள், அந்த நோக்கம் கேள்விகளில் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரையில் சாதாரண மனுஷர்கள் என்ன நினைத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் இன்றைக்கும் அந்தக் கடிதங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. எழுதியவர் யார் என்று பெயர் போடவில்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. அதனால்தான் கேட்டவரைக் குறித்து வையுங்கள் என்று உங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

தரங்கம்பாடி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. உடம்பு செங்கல் நிறம், தலை சாம்பல், பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை. அப்படி ஒரு சின்னப் புறாவை உங்கள் பக்கம் கம்பியில் பார்த்திருப்பீர்கள். உலகம் முழுக்க அதன் விஞ்ஞானப் பெயர் ஸ்ட்ரெப்டோபீலியா ட்ராங்குபாரிகா. ட்ராங்குபார் என்பது ஐரோப்பியர் வாயில் தரங்கம்பாடி. உங்கள் பெஞ்சுக்கு ஒரு கேள்வி இலவசம்.

கடைசியாக மடையான். உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. அந்தப் பறவைக்கு முதுகும் கழுத்தும்தான் பழுப்பு. இறக்கை, வால் எல்லாம் வெள்ளை. உட்காரும்போது இறக்கையை மடித்து முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொள்கிறது. ஒரு துளி வெள்ளை வெளியே தெரியாது. சேறும் நாற்றுமாகக் கிடக்கிற வயலில், மடை ஓரத்தில் அது அசையாமல் நின்றால் மீனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதை நம்பித்தான் நிற்கிறது. அதனால்தான் ஆள் கிட்டே வரும் வரை பறக்காது. பக்கத்தில் போனாலும் பறக்கவில்லையே, கண் தெரியாது போல என்று நினைத்துக் குருட்டுக் கொக்கு என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். அதற்குக் கண் நன்றாகவே தெரியும்.

வரப்பிலிருந்து பார்க்கிறவருக்கு இந்தக் கேள்வி வராது. குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்து போகிறபோது, இடுப்புக்குப் பக்கத்தில் மண்கட்டி என்று நினைத்தது திடீரென்று வெள்ளையாக வெடித்துக் கிளம்பினால்தான் வரும். அந்த அக்கா டீ வாங்கிக்கொண்டு நின்றபடியே கேட்டுவிட்டுப் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெஞ்சில் ஓர் இடம் அவருக்கும் ஒதுக்குங்கள்.

நோட்டை நிறுத்தாதீர்கள். இனிமேல் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே கால் பக்கம் காலியாக விடுங்கள். தேதி, கேட்டவர், எங்கே பார்த்தது, பருவம் குறுவையா சம்பாவா, இவ்வளவு போதும். பதில் பின்னால் வரட்டும். அப்புறம் அந்த அக்காவிடம் நான் கேட்டதாக ஒன்று கேட்டு எழுதுங்கள். நட்டுக்கொண்டே போகும்போது மடையான் எத்தனை எட்டு வரைக்கும் கிட்டே விடுகிறது? நிமிர்ந்து நடந்து போனாலும் அதே தூரம் விடுகிறதா, இல்லை, குனிந்திருப்பவர்களை மட்டும் நம்புகிறதா?